புள்ளிமான் உடலில் ஈயமும் எஃகும்: நாட்டுத் துப்பாக்கிக் காயம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நாய் கடித்து இறந்தது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கக்கூடிய ஒரு பெண் புள்ளிமானின் உடலில், தோலுக்கு அடியிலும் தசைக்குள்ளும் வயிற்றுக்குள்ளுமாக நான்கு குண்டுகள் இருந்தன. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலம், வேப்பூர் வட்டாரக் காப்புக்காடுகளை ஒட்டிய முந்திரித் தோப்பு ஒன்றில் கிடந்த அந்த உடலை, வனத்துறையின் கோரிக்கையின் பேரில் உடற்கூறாய்வு செய்த கால்நடை மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த நான்கு குண்டுகளில் மூன்று எஃகாலும் ஒன்று ஈயத்தாலும் ஆனவை. ஒரே வெடியில் புறப்பட்டு ஒரே உடலில் தைத்த இரு வேறு உலோகங்கள் எவ்வாறு நடந்துகொண்டன, அவற்றில் எதுவும் ஏன் அந்த விலங்கை விரைவில் கொல்லவில்லை, அந்தத் தோல்வியை உடலிலிருந்து எப்படிப் படித்தறிவது என்பவையே இந்த ஆய்வின் பொருள். ஊரையும் நாளையும் சம்பந்தப்பட்டவர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பின்னணி

கோடையில் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் வற்றும்போது புள்ளிமான்கள் தண்ணீர் தேடித் தோப்புகளுக்கும் வயல்களுக்கும் வருவது இந்தப் பகுதியில் வழக்கம். அப்படி வரும் மான்கள் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வாகனங்களில் அடிபடுகின்றன, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் விழுகின்றன, தெருநாய்களிடம் சிக்குகின்றன. இந்த மூன்று காரணங்களுக்கும் பழகிப்போன கண், நான்காவது காரணத்தைத் தேடுவதில்லை. அதற்கு நியாயமும் இருக்கிறது. சுடப்பட்டு அந்த இடத்திலேயே விழுந்த மான் எங்கள் மேசைக்கு வருவதே இல்லை. அது இரவோடு இரவாகக் கறியாகிவிடுகிறது. எங்களிடம் வந்து சேர்வது குண்டடி பட்டும் விழாமல் ஓடித் தப்பி, வேறெங்கோ, வேறொரு காரணத்தால் இறந்ததுபோலத் தோன்றும் விலங்கு மட்டுமே. ஆகவே இந்த ஒரு நிகழ்வைக் கொண்டு எல்லா நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றியும் விகிதக் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குண்டு தோற்றதற்கான காரணத்தை அறிய, தோற்ற குண்டைத் தாங்கிய உடலைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

புறப் பரிசோதனை

வளர்ந்த பெண் மான். எடை ஏறத்தாழ 50 கிலோ. சினை இல்லை. கண்கள் குழிந்து, தோல் தன் நெகிழ்வை இழந்து, உடலில் நீர் வற்றியதன் அறிகுறிகள் தெளிவாக இருந்தன. பின்தொடைகளிலும் வாலடியிலும் வலது காதிலும் நாய்ப் பல்லின் காயங்கள் இருந்தன. அவற்றுள் சிலவற்றின் விளிம்பில் இரத்தம் கசிந்து திசுக்களில் ஊறியிருந்தது. மற்றவை வெளிறி, இரத்தக் கசிவு ஏதுமின்றி இருந்தன. முதல் வகை உயிரோடு இருந்தபோது ஏற்பட்டவை, இரண்டாம் வகை இறந்த பிறகு ஏற்பட்டவை. நாய்கள் தாக்கியது உண்மைதான். ஆனால் உயிருள்ளபோது ஏற்பட்ட கடிகளில் எதுவும் பெரிய இரத்தக் குழாயையோ தொண்டையையோ தொடவில்லை. ஆரோக்கியமான மானை நாய்கள் வீழ்த்தும்போது காணப்படும் ஆழமான கிழிவுகளும் இல்லை. இந்தக் கடிகளால் மட்டும் ஒரு வளர்ந்த மான் இறந்திருக்க முடியாது என்ற ஐயமே அடுத்த கட்டத்துக்குக் காரணமாயிற்று.

இடது பக்கத்தில் மயிரை எதிர்த் திசையில் கோதியபோது, கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு சிறிய வட்டத் துளை தென்பட்டது. அதன் வாய் உறைந்த இரத்தத்தாலும் பசுமையான நார்த்துணுக்காலும் அடைபட்டிருந்தது. அதே பக்கத்தில் தோள்பட்டைக்கு மேல் சற்றுப் பெரிய ஒரு துளையும், தொடையின் மேற்பகுதியில் இரண்டு சிறிய துளைகளும் இருந்தன. நான்கின் விளிம்பிலும் தோல் உராய்ந்த வளையம் காணப்பட்டது. கரியோ, தீப்பட்ட மயிரோ, மருந்துத் துகள் தோலில் பதிந்த புள்ளிகளோ எங்கும் இல்லை. வலது பக்கத்தில் ஒரு துளைகூட இல்லை. அதாவது நுழைந்த எதுவும் வெளியேறவில்லை.

எக்ஸ்ரே

குண்டடி என்ற ஐயம் எழுந்த உடனே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடலைத் திறந்த பிறகு குண்டைத் தேடுவது, குறிப்பாக அசைபோடும் விலங்கின் வயிற்றில் தேடுவது, பெரும்பாலும் வீண் வேலை. திறப்பதற்கு முன் எடுக்கும் இரண்டு படங்கள், ஒன்று பக்கவாட்டிலும் மற்றொன்று மேலிருந்து கீழாகவும், எத்தனை பொருள்கள், எங்கே, எந்த ஆழத்தில் என்பதைச் சொல்லிவிடும். வனக்காப்பாளரின் பாதுகாப்பில் உடலை எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்கு எடுத்துச் சென்று படமெடுத்தோம்.

மூன்று பொருள்கள் துல்லியமான வட்டமாக, ஒரே அளவில், கூர்மையான விளிம்புடன் தெரிந்தன. நான்காவது, தோள்பட்டை எலும்பின் முகட்டையொட்டி ஒழுங்கற்ற தட்டையான நிழலாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சில நுண்ணிய வெண்புள்ளிகள் சிதறியிருந்தன. அதிவேக நவீன ரைஃபிள் தோட்டா ஒன்று உடலுக்குள் உடைந்தால் அதன் பாதை முழுவதும் பனித்தூறல்போலச் சிதறும் ஈயத் துகள்கள் இங்கே இல்லை. மெதுவான வேகத்தில் வந்த கூம்பற்ற குண்டுகள் என்பதற்கு அதுவே முதல் அடையாளம். உருண்டையாகவே நின்ற மூன்றும் ஈயமல்ல, கடினமான உலோகம் என்பதையும் படமே சொல்லிவிட்டது. நம் பகுதிக் காவல் நிலையங்களிலும் வனச்சரக அலுவலகங்களிலும் பால்ரஸ் குண்டு என்று எழுதப்படுவது இதுதான்.

உடலைத் திறந்தபோது

தோள்பட்டையில் நுழைந்த ஈயக்குண்டு, தசையைக் கடந்து எலும்பின் முகட்டில் மோதி, 14 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாகி அங்கேயே நின்றிருந்தது. எலும்பில் விரிசல் ஏற்பட்டிருந்தது. அதற்கு அடியில் இருந்த விலா எலும்புகளும் நுரையீரலும் இதயமும் முழுமையாக இருந்தன. சுற்றியிருந்த தசை ஒரு கைப்பிடி அளவுக்கு நைந்து இரத்தம் கட்டியிருந்தது. மீட்ட துண்டின் எடை 4.6 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்பதால், இந்த எடையுள்ள உருண்டையின் விட்டம் 9.2 மில்லிமீட்டர் என்று கணக்கிடலாம். மோதலில் சிறிது உதிர்ந்திருப்பதால், குண்டு புறப்பட்டபோது குறைந்தது அந்த அளவாவது இருந்திருக்க வேண்டும். உருக்குலைந்த குண்டு ஒன்று கிடைத்தால் அதன் அகலத்தை மட்டும் அளந்து அறிக்கையில் எழுதுவதைப் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அகலம் மோதலைச் சொல்லும், எடைதான் குண்டைச் சொல்லும்.

தொடையில் நுழைந்த இரண்டு எஃகுக் குண்டுகளும் தசைக்குள் நேர்கோட்டில் சென்று, எலும்பைத் தொடாமல் நின்றிருந்தன. அவற்றின் பாதை குண்டின் விட்டத்தைவிடச் சிறிதே அகலமானது. பாதையின் ஓரத்தில் இரத்தக் கட்டு மெல்லிய கோடாக மட்டுமே இருந்தது. ஒவ்வொரு குண்டும் 6.35 மில்லிமீட்டர் விட்டமும் 1 கிராமுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்டது. இரண்டிலும் கீறலோ நசுங்கலோ இல்லை.

இறப்புக்குக் காரணமான குண்டு மூன்றாவது எஃகுக் குண்டு. கடைசி விலாவுக்குப் பின்னால் நுழைந்து, வயிற்றுச் சுவரைக் கடந்து, ரூமன் எனப்படும் முதல் வயிற்றைத் துளைத்து, அதனுள் நிறைந்திருந்த தழைத் தீனியில் சிக்கி நின்றுவிட்டது. நார் செறிந்த ஈரமான தீனி குண்டுக்கு மணல் மூட்டை போன்றது. எக்ஸ்ரே இல்லாமல் இதைக் கண்டெடுத்திருக்க வாய்ப்பே இல்லை. வயிற்றில் விழுந்த சிறு துளையின் வழியே தீனியும் நீரும் கசிந்து வயிற்றறை முழுவதும் அழற்சி பரவியிருந்தது. குடலின் மேல் மஞ்சள் நிற ஃபைப்ரின் படலம் படிந்து, குடல் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆனால் விரலால் பிரிக்கும் அளவுக்கு அந்த ஒட்டுதல் மென்மையாகவே இருந்தது. துளையின் விளிம்பிலிருந்து எடுத்த திசு வெட்டுகளை, புதுச்சேரியில் நோய்க்குறியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் தனியாகப் பார்த்தார். இருவர் கணிப்பும் ஒன்றாகவே இருந்தது: வெள்ளணுக்கள் பெருமளவில் குவிந்திருந்தன, ஆறத் தொடங்கியதைக் காட்டும் நார்த்திசு உருவாகவில்லை. எனவே குண்டடி பட்டதற்கும் இறப்புக்கும் இடையில் ஒரு நாளுக்கு மேலும் மூன்று நாளுக்குக் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் வரம்பு கட்டினேன். மணிக்கணக்கில் சொல்லும்படி விசாரணை அலுவலர்கள் கேட்பதுண்டு. திசு அவ்வளவு துல்லியமான கடிகாரம் அல்ல.

நிகழ்ந்தவற்றின் வரிசை

தோள் எலும்பில் விரிசலும் தொடைத் தசையில் குண்டுகளும் தாங்கிய மான் கூட்டத்தோடு ஓட முடியாமல் பின்தங்கியிருக்கும். வயிற்று அழற்சியால் அசைபோடுவது நின்று, தண்ணீர் இருக்கும் இடத்தை நோக்கி வந்து, தோப்பில் படுத்திருக்கும். குண்டடி பட்ட மான் தண்ணீர் தேடுவதும் அடர்ந்த நிழலில் ஒளிவதும் அறிந்த நடத்தைகள். நாய்கள் வந்தது அதற்குப் பிறகுதான். உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட கடிகள் எதிர்த்து உதைக்கவோ ஓடவோ இயலாத விலங்கின் மேல் ஏற்பட்டவை என்பதை அவற்றின் ஆழமின்மையும் ஒரே இடத்தில் குவிந்திருந்த தன்மையும் காட்டின.

தோப்பிலும் காட்டோரத்திலும் வனத்துறையினர் தேடியபோது இரத்தத் தடம் கிடைக்கவில்லை. இதைக் கொண்டு, சுட்ட சம்பவமே நடக்கவில்லை என்று ஒரு வாதம் பின்னால் எழக்கூடும் என்பதால் அறிக்கையில் இதற்கு விளக்கம் எழுதினேன். 6 மில்லிமீட்டர் துளை ஒன்றை மானின் தளர்வான தோல் ஓட்டத்தில் நகர்ந்து மூடிவிடும். வயிற்றுத் துளையைத் தீனியின் நாரே அடைத்துவிடும். வெளியேறும் துளை இல்லாத காயத்தில் இரத்தம் உடலுக்குள்ளேயே தங்கும். காலி வெடியுறை கிடைக்காததும் அப்படியே. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில் உறை என்ற ஒன்றே கிடையாது.

குண்டுகள் ஏன் தோற்றன

ஒரு மானை விரைவாகக் கொல்ல ஒரு குண்டு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தோல், தசை, விலா ஆகியவற்றைக் கடந்து இதயத்தையோ நுரையீரலையோ அடைந்து, அங்கே மூளைக்குச் செல்லும் இரத்தம் சில விநாடிகளில் நின்றுபோகும் அளவுக்குப் பெரிய துளையை உண்டாக்க வேண்டும். இதயத்தில் குண்டு பட்ட மான்கூட மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு 10 முதல் 15 விநாடிகள் ஓட முடியும். குண்டின் ஆற்றலைத் தனியாகப் பேசுவதில் பெரிய பயனில்லை. அந்த ஆற்றல் எந்த உறுப்பில், எந்த வடிவத்தில் செலவாயிற்று என்பதே கேள்வி.

காயத்தை அளக்கும் துறையில் இரண்டு குழிகளைப் பிரித்துப் பேசுவார்கள். குண்டு நசுக்கிச் சென்ற பாதை நிலையான குழி. அதன் வேகத்தால் திசு ஒரு கணம் விரிந்து சுருங்குவது தற்காலிகக் குழி. அமெரிக்க இராணுவ மருத்துவரான மார்ட்டின் ஃபேக்லர், 10 சதவீத ஜெலட்டின் கட்டிகளை 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டு இவ்விரண்டையும் அளந்து காட்டியவர். கரிமருந்துத் துப்பாக்கியின் வேகத்தில் தற்காலிகக் குழி தசையிலும் நுரையீரலிலும் பெரிதாகச் சேதம் செய்வதில்லை. நெகிழ்வான திசு விரிந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே இத்தகைய துப்பாக்கியில் கொல்வது நிலையான குழி மட்டுமே. அதன் அகலத்தைக் குண்டின் விட்டமும் விரிதலும் தீர்மானிக்கின்றன. அதன் நீளத்தைக் குண்டின் எடைக்கும் முகப்பரப்புக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது.

இந்த விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மானுக்கு நேர்ந்தது முழுவதும் விளங்கும். 6.35 மில்லிமீட்டர் எஃகு உருண்டைக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் முகப்பரப்புக்கு 3.3 கிராம் எடையே பின்னால் இருக்கிறது. இந்த மானில் கிடைத்த ஈயக்குண்டுக்கு அது 6.9 கிராம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும், குழல் வாய் வழியாக மருந்திடும் .50 அளவுத் (அரை அங்குலக் குழல்) துப்பாக்கியின் துணி சுற்றிய ஈய உருண்டைக்கு 9.4 கிராம். அதே துப்பாக்கியில் சாபோ எனப்படும் நெகிழி உறைக்குள் வைத்து இடும் 250 கிரெய்ன் (ஏறத்தாழ 16 கிராம்) நீள் தோட்டாவுக்கு 15 கிராமுக்கும் மேல். உருண்டை என்ற வடிவத்துக்கே இந்தக் குறை உண்டு. விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது, முகப்பரப்போ நான்கில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. சிறிய உருண்டை காற்றிலும் வேகத்தை இழக்கிறது, தசையிலும் வேகத்தை இழக்கிறது. அதோடு எஃகின் அடர்த்தி 7.8 மட்டுமே என்பதால் ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு.

எஃகுக்கு மற்றொரு குறையும் உண்டு. அது விரிவதில்லை. தூய ஈயம் நகத்தால் கீறத்தக்க அளவு மென்மையானது என்பதால், மெதுவான வேகத்தில்கூடத் திசுவிலும் எலும்பிலும் பட்டுத் தட்டையாகித் தன் விட்டத்தை ஒன்றரை மடங்குக்குப் பெருக்கிக்கொள்கிறது. இந்த மானின் தோளில் 9.2 மில்லிமீட்டர் 14 ஆனது அப்படித்தான். ஆனால் விரிதல் எதிரான விளைவையும் கொண்டது. முகம் அகலமான உடனே குண்டு நின்றுவிடுகிறது. போதிய எடை பின்னால் இல்லாத ஈயக்குண்டு எலும்பில் விரிந்தது, விரிந்ததாலேயே நெஞ்சறையை அடையவில்லை. எஃகுக் குண்டு விரியவில்லை, ஆனால் அதற்கும் எடை இல்லாததால் வயிற்றைத் தாண்டவில்லை. ஒன்று அகலமான ஆழமற்ற காயத்தையும் மற்றது குறுகலான காயத்தையும் ஏற்படுத்தின. விரிதலும் ஊடுருவலும் ஒன்றையொன்று தின்னும் இந்தப் போட்டியே வேட்டைத் தோட்டா வடிவமைப்பின் முழு வரலாறும்.

அந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் முனை திறந்த தோட்டாக்கள் செய்யப்பட்டன. உடலில் விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை செய்தது. ஆனால் வேட்டையில் நிலைமை நேர்மாறானது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு விரியாத, முழு உறையிட்ட தோட்டாக்கள்தான் தடை செய்யப்பட்டவை. மனிதனுக்கு வலியைக் குறைக்க விரிதலைத் தடுத்தார்கள், விலங்குக்கு வலியைக் குறைக்க விரிதலைக் கட்டாயமாக்கினார்கள். இரண்டு சட்டங்களின் அக்கறையும் ஒன்றே.

வேறிடத்து வழக்கத்தோடு ஓர் ஒப்பீடு

பழைய முறைத் துப்பாக்கி என்பதால் மானுக்கும் தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆகவே அது ஒருவகையில் நேர்மையான வேட்டைதான் என்ற பேச்சைப் படித்தவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிக்கென்றே தனிப் பருவங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவத்தில் சக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது என்பது உண்மை. நம் புள்ளிமானே அங்கும் இருக்கிறது. 1860களில் ஹவாய்த் தீவுகளுக்கும் 1932இல் டெக்சஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டுப் பெருகி, அங்கே சட்டப்படி வேட்டையாடப்படுகிறது. இதே உடல், இதே விலா, இதே நுரையீரல். எனவே ஒப்பீடு செய்யலாம்.

ஆனால் ஒப்பிட்டால் ஒற்றுமை பெயரில் மட்டுமே நிற்கிறது. அங்கே பயன்படுவது குழலுக்குள் முறுக்குச் சால் வெட்டிய ரைஃபிள். உருண்டைக்கு ஏறத்தாழ 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகவும், நீள் தோட்டாவுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று விரைவாகவும் அந்தச் சால் அமைகிறது. குண்டு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு குறியை நோக்கிச் செல்கிறது. ஒரே ஒரு குண்டுதான், அதற்குக் குறைந்தபட்ச அளவும் பல மாநிலங்களில் விதிக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றே. அப்படியிருந்தும் .50 உருண்டை, விநாடிக்கு 1900 அடி வேகத்தில் புறப்பட்டால் 100 கஜத்தில் ஏறத்தாழ 1100 அடியாகக் குறைகிறது, அதாவது ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. அதனால்தான் உருண்டை பயன்படுத்தும் பொறுப்பான வேட்டைக்காரர் அந்த எல்லைக்குள் நிறுத்திக்கொள்கிறார், பக்கவாட்டில் நிற்கும் மானின் தோளுக்குப் பின்புறம் தவிர வேறிடத்தில் சுடுவதில்லை, பகலில் சுடுகிறார், சுட்ட பின் தடம் பார்த்துத் தேடுகிறார்.

நம் பகுதியில் பிடிபடும் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக் குழல், வாய்வழி மருந்திடும்) நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. அதில் கலந்து இடப்படும் பலவகை உருண்டைகள் புறப்பட்ட கணத்திலிருந்தே பரவுகின்றன. இந்த மானில் தோளுக்கும் தொடைக்கும் இடையில் விழுந்த நான்கு குண்டுகள் அந்தப் பரவலின் அளவைக் காட்டுகின்றன. எதைக் குறிவைத்தார்கள் என்பதையே அது பொருளற்றதாக்கிவிடுகிறது. கரிமருந்து எரிந்த பின் பாதிக்கும் மேல் திடப் பொருளாக மாறுகிறது, அதில் ஒரு பகுதி குழலுக்குள் படிகிறது. அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சுவது. கடலோர மாவட்டத்தின் காற்றில் சுத்தம் செய்யாத குழல் விரைவில் துருப்பிடிக்கும், அடுத்த வெடியின் வேகம் முந்தையதைப் போல இருக்காது. இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் கண்ணை நோக்கிச் சுட்டுவிட்டு, விழாததைத் தேடாமல் போய்விடுவதே வழக்கம். மானுக்குக் கிடைப்பது தப்பிக்கும் வாய்ப்பு அல்ல, மெதுவாக இறக்கும் வாய்ப்பு. இந்த வேட்டையை மரபென்றும் நேர்மையென்றும் பேசுவதை இந்த உடலைத் திறந்து பார்த்த எவரும் ஏற்க மாட்டார்கள்.

தூரமும் துப்பாக்கியும்

எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பது விசாரணை அலுவலரின் முதல் கேள்வி. கரியும் துகள்பதிவும் இல்லை, குண்டுகளைக் குழலுக்குள் நிறுத்த இடப்படும் அடைப்புப் பொருள் காயத்துக்குள் இல்லை. லேசான அந்த அடைப்பு சில மீட்டர் தூரத்துக்குள்தான் குண்டோடு சேர்ந்து காயத்துக்குள் புகும். ஆகவே மிக அருகிலிருந்து சுடப்படவில்லை என்று மட்டுமே எழுதினேன். பரவலின் அகலத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் தொழிற்சாலைத் தோட்டாவுக்கு உருவானவை. கையால் இடும் மருந்துக்கு அவை பொருந்தா. சந்தேகத்துக்குரிய துப்பாக்கி கைப்பற்றப்பட்டால், அதே துப்பாக்கியில் அதேவகைக் குண்டுகளை இட்டுத் தடய அறிவியல் ஆய்வகம் சோதனை வெடி வைத்துப் பார்த்த பிறகே எண் சொல்ல முடியும்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. முறுக்குச் சால் உள்ள குழல் தோட்டாவின் மேல் விடும் கீறல்களை ஒப்பு நுண்நோக்கியில் பொருத்திப் பார்ப்பது நமக்குப் பழகிய முறை. வழவழப்பான குழலில் அந்தக் கீறல்களே இல்லை, கடின எஃகின் மேல் பதிய வாய்ப்பும் இல்லை. அதனால் இத்தகைய வழக்குகளில் சான்றின் பாரம் வேறு பொருள்களின் மேல் விழுகிறது. மீட்ட ஈயத்தின் உலோகக் கலவை, கைப்பற்றப்பட்ட ஈயத்தோடு ஒத்துப்போகிறதா, எஃகுக் குண்டுகளின் அளவு ஒன்றா, சுட்ட இடம் கண்டறியப்பட்டால் அங்கே கிடக்கும் அடைப்புத் துணியோ காகிதமோ எதிலிருந்து கிழிக்கப்பட்டது என்பவைதான் பேசும். சுட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதில் வனத்துறை காட்டும் விரைவு உடற்கூறாய்வின் அளவுக்கே முக்கியமானது. ஒரு மழை போதும், காகிதம் கரைந்துவிடும்.

சான்றுப் பொருள்களைக் கையாண்ட விதம்

குண்டுகளைப் பல் உள்ள உலோக இடுக்கியால் எடுக்கவில்லை. விரலாலும் நெகிழி முனை இடுக்கியாலும் எடுத்து, தேய்க்காமல் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பஞ்சுத்துணியில் சுற்றி, தனித்தனிக் குப்பியில் இட்டு, எக்ஸ்ரே படத்தில் உள்ள எண்ணையே குப்பிக்கும் கொடுத்து முத்திரையிட்டேன். எஃகா ஈயமா என்பதைக் குப்பிக்கு வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டி உறுதிசெய்து, அந்தச் சோதனையையும் குறிப்பில் எழுதினேன். துளைகளைச் சுற்றியுள்ள தோலை வட்டமாக வெட்டி, திசை தெரியும்படி ஒரு நூல் முடிச்சிட்டு, ஆய்வகத்துக்கென வனச்சரகரிடம் ஒப்படைத்தேன். எஞ்சிய உடல் வனத்துறையினர் முன்னிலையில் எரிக்கப்பட்டது. கறியாகப் பயன்பட வழியில்லாமல் எரிப்பதற்குச் சட்டக் காரணம் மட்டும் அல்ல, ஈயத் துகள் கலந்த இறைச்சி நாய்க்கும் மனிதருக்கும் நஞ்சு என்ற காரணமும் உண்டு. கலிஃபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவையே முற்றாகத் தடை செய்தது, முக்கியமாக ஈயம் கலந்த உடல்களைத் தின்னும் காண்டோர் கழுகு போன்ற காட்டுயிர்களை இந்த நஞ்சிலிருந்து காக்கத்தான்.

இறப்பின் உடனடிக் காரணம் வயிற்றறை முழுவதும் பரவிய அழற்சியும் அதனால் இரத்த ஓட்டம் குலைந்து ஏற்பட்ட அதிர்ச்சி நிலையும் என்றும், அதற்கு மூலகாரணம் துப்பாக்கிக் குண்டால் ரூமன் துளைக்கப்பட்டது என்றும், நாய்க்கடி துணைக் காரணம் மட்டுமே என்றும் அறிக்கையின் முடிவுப் பகுதியில் எழுதினேன். மானைக் குறிவைக்கவில்லை, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு வைத்த வெடி தவறிப்பட்டது என்று விசாரணையில் சொல்லப்படக்கூடும். அதை முடிவு செய்வது நீதிமன்றம், உடற்கூறாய்வு அல்ல. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு, கொல்வதை மட்டும் அல்லாமல் கொல்ல முயல்வதையும் காயப்படுத்துவதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. நாய்தான் கொன்றது என்ற வாதம் முழுவதுமாக வென்றாலும், எக்ஸ்ரேயில் தெரிந்த நான்கு நிழல்களும் அந்த வரையறைக்குள்ளேயே நிற்கின்றன. அதனால் குண்டுக் காயங்களின் விவரத்தை இறப்பின் காரணத்தோடு கலக்காமல், அறிக்கையில் தனிப் பத்தியாக, ஒவ்வொரு துளைக்கும் அளவும் திசையும் ஆழமும் குறித்து எழுதி ஒப்படைத்தேன்.